ரி-க்கு மேல் ஒரு சுழி

காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்ட நாள் அது. சித்தூர் ரோட்டில் எங்கள் ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் வரிசையாகப் பதினோரு பெண்கள். எங்களுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாகக் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும், மாங்காய் ஏற்றின டிராக்டர்கள்.

கேட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். நான் தினமும் "இருக்கட்டும்மா" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். பதில் சொல்லாமல் போனால் மரியாதை இல்லை பாருங்கள்.

அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. பெண் குரல் வரவில்லை.

மாங்காய்ப் பால் பட்டுப்பட்டு என் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. அதனால் சில நாள் மெஷின் முரண்டு பிடிக்கும். விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தேன். சிவப்பு. வாயால் ஊதி வைத்தேன். சிவப்பு.

"தள்ளு கன்னிம்மா. உன் வெரலும் உன்னாட்டம் கெழமாயிடுச்சு" என்று மங்கா என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். மங்கா என் வயசுக்காரிதான். எனக்கு அப்போதுதான் அறுபது முடிந்திருந்தது, தனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிற திமிர் அவளுக்கு உண்டு. அவள் விரலை வைத்தாள். சிவப்பு.

அப்புறம் செல்வி. சிவப்பு. பன்னிரண்டு பேரும் வைத்தோம். பன்னிரண்டும் சிவப்பு.

வாட்ச்மேன் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தெலுங்குக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"பெத்தம்மா, மீரந்தரூ நின்ன ரிசைன் சேசாரண்ட கதா?" நீங்கள் எல்லாரும் நேற்று ரிசைன் பண்ணிவிட்டீர்களாமே என்று கேட்கிறார்.

"ஆமாய்யா, பண்ணோம். அதுக்கின்னா இப்ப?"

"அதுக்கின்னாவா? ரிசைன் பண்ணவங்கள எப்டிம்மா உள்ள வுடறது?"

எங்களை அந்த வெயிலிலேயே நிறுத்திவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். இது நடந்து இரண்டு சீசன் ஆகிறது. கையெழுத்துக்கு மேல் எழுத நான் அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன்; ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

முதலில் வந்த வார்த்தை

எங்கள் ஃபேக்டரியில் மாம்பழத்திலிருந்து கூழ் எடுத்து டின்னில் அடைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கூழுக்குத் தெலுங்கில் குஜ்ஜு; குஜ்ஜு ஃபேக்டரி என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். சீசனில் தோத்தாபுரிக் காய் வந்து குவியும். பழுக்கவைத்த பழம் பெல்ட்டில் ஓடி வரும்போது, இரண்டு பக்கமும் நின்று நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது எங்கள் வேலை. எங்கள் டேபிளுக்கு நான்தான் மேஸ்திரி. முதல் நாள் சேர்ந்தபோது எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மூக்கு மட்டும் தெரியும்.

அங்கே நான் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வார்த்தை 'ரிஜெக்ட்'.

மூன்று கூடை இருக்கும். முதல் கூடை நேராகக் கூழுக்கு. இரண்டாவது, இன்னும் ஒரு நாள் பொறுக்கவேண்டியது. மூன்றாவது ரிஜெக்ட். காம்புப் பக்கம் கறுத்தது, வண்டு துளைத்தது, புளித்த கள் மாதிரி வாசனை வருவது எல்லாம் அதில் விழும். பழம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் "ரிஜெக்ட்" என்றால் ரிஜெக்ட்தான். ஃபோர்மேன் கூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

அந்த வார்த்தை என் வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் ரிஜெக்ட். எங்கள் வீட்டுக்காரர் வாங்கிவந்த கத்திரிக்காய் ரிஜெக்ட். ஒருமுறை அவர் மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான் ஏற இறங்கப் பார்த்தேன். "சொல்லாத, நானே போய்க் கழுவிக்கினு வரேன்" என்று பின்பக்கம் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரிஜெக்ட் என்பது நான் சொல்கிற வார்த்தை. என்னை யாரும் சொன்னது கிடையாது.

புள்ளி மறந்த கதை

நாற்பது வயசுக்கு மேல், எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் ஒரு டீச்சரம்மா வந்து கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். பாதிப் பேர் தெலுங்கில் கற்றுக்கொண்டார்கள். நான் தமிழில்தான் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கள் நைனா எனக்கு வைத்த பேர் தமிழில் இருக்கும்போது அதை ஏன் வேறு எழுத்தில் போடவேண்டும்?

க-ன்-னி-ய-ம்-மா. ஆறு எழுத்து. சாக்பீஸ் பிடித்து ஆறு வாரம். வாரத்துக்கு ஒரு எழுத்து.

அதிலிருந்து எங்கேயும் நான் கைநாட்டு வைத்தது கிடையாது. ஆபீஸ்களில் மை டப்பாவை நகர்த்துவார்கள். நான் "பேனா" என்பேன். நிதானமாக எழுதுவேன். பின்னால் வரிசை நின்றாலும் நிற்கட்டும். எழுதி முடித்துவிட்டு, கடைசியில் 'ன்' மேலும் 'ம்' மேலும் ஒவ்வொரு புள்ளி வைப்பேன். விளக்கேற்றி முடித்து நெற்றிக்குக் குங்குமம் வைக்கிற மாதிரி.

நான் சொல்கிற அந்த சீசனில், பேங்கிலிருந்து ஒரு ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. போய் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள்: "அம்மா, மீ சைன் மேட்ச் காலேது. ரீசைன் சேயண்டி."

என் கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காட்டு என்றேன். காட்டினாள். ஷேர் ஆட்டோ போய்விடப்போகிறதே என்கிற அவசரத்தில் இரண்டு புள்ளியும் வைக்காமல் வந்திருக்கிறேன். கன்னியம்மா, கனனியமமா ஆகிவிட்டாள். அது யாரோ வேறு பொம்பளை மாதிரி இருந்தது.

"ரீசைன்னா?" என்று கேட்டேன்.

"மல்லி சைன் சேயாலி." மறுபடி கையெழுத்துப் போடவேண்டுமாம்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. போனில் காசு தீர்ந்து மறுபடி போட்டால் ரீசார்ஜ். ஊரில் நிலத்தை மறுபடி அளந்தார்களே, அது ரீசர்வே. சைனை மறுபடி போட்டால் ரீசைன். இங்கிலீஷ் ஒன்றும் கஷ்டமில்லை, கொஞ்சம் யோசித்தால் போதும் என்று மூன்று இடத்தில் ரீசைன் பண்ணிவிட்டு, மூன்று தடவையும் புள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

தினேஷ் சார் பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்

பத்து நாள் போயிருக்கும். ஆபீஸிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தினேஷ் சார் அந்த வருஷம்தான் வந்தவர். மெட்ராஸ் பக்கத்துப் பிள்ளை. திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். ஆள் சேர்ப்பதும் கணக்கெடுப்பதும் அவர் வேலை. நல்ல பிள்ளைதான். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அம்மா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்கு அதுவே ஆச்சரியம். உட்கார்ந்தேன்.

"அம்மா… ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லுங்க சார்."

மேஜைமேல் ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க ரிசைன் பண்ணணும்மா."

"அவ்ளோதானா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ்ளோ… தாம்மா."

"இதுக்கா சார் இம்மா நேரம் தயங்கினீங்க? போன வாரந்தான் பேங்குலயும் பண்ணேன்."

"பேங்க்லயா? நீங்க பேங்க்ல வேற…"

"ஆமா. ஒரு தபா இல்ல, மூணு தபா."

"மூணு தடவை ரிசைன் பண்ணீங்களா?"

"அவங்க கேக்கறப்ப பண்ணித்தான ஆவணும்? நம்ம மேலதான் தப்பு. பேனா குடுங்க."

இங்கிலீஷில் அடித்த ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளினார். நான் ஆறு எழுத்தையும் எழுதினேன். இந்தத் தடவை மறக்கவில்லை. இரண்டு புள்ளியையும் அழுத்தி வைத்தேன். பேப்பரைத் தூக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு அழகாக என் பேர் அமைந்து நாளாகியிருந்தது.

தினேஷ் சாருக்குக் கண் கலங்கியிருந்தது. "நீங்க இதை இவ்ளோ ஈஸியா எடுத்துப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லம்மா. ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு."

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா என்று எனக்குப் பட்டது. மெட்ராஸ் பிள்ளைகள் கொஞ்சம் இளகின மனசு என்று நினைத்துக்கொண்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு பிஸ்கெட்டும். தின்றுவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு பேப்பர்

தப்பு அதோடு நின்றிருந்தால் என் ஒருத்தியோடு போயிருக்கும்.

டேபிளுக்குத் திரும்பி வந்ததும் என் பொறுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி ஆயிற்றே. எனக்கு மட்டும் சரிபண்ணிக்கொண்டால் போதுமா?

"அடியே, ஆபீஸ்ல ரீசைன் கேக்கறாங்க. எல்லாரும் ஒவ்வொருத்தியா போயிட்டு வந்துடுங்க. அப்பறம் ஃபாரம் திரும்பி வந்துச்சின்னா பேங்குக்கும் ஊட்டுக்கும் நீங்கதான் அலைவீங்க."

"ரீசைன்னா இன்னாக்கா?" செல்வி கேட்டாள்.

"மறுபடி சைன் போடறது. ரீசார்ஜ் மாதிரி."

"இவளுக்கு இங்கிலீசு வேற தெரியும்" என்றாள் மங்கா. ஆனாலும் முதலில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினது அவள்தான்.

தினேஷ் சார் அதற்குள் மீட்டிங் என்று திருப்பதிக்குக் கிளம்பிவிட்டார். ஆபீஸில் லாவண்யா மட்டும் இருந்தாள். பாகாலாவிலிருந்து வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள். எதைக் கேட்டாலும் திட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிற பருவம். நான் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன்.

"பெத்தம்மா, அந்தரூ ரிசைனா?" எல்லாருமா என்று கேட்டாள்.

"எல்லாருந்தான்."

"ஈரோஜேனா?" இன்றைக்கேவா என்று கேட்டாள்.

"இன்னிக்கேதாம்மா. சட்டுனு குடு, பெல்ட்டு நிக்குது."

மேஜைமேல் அதே மாதிரி பேப்பர் ஒரு கட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். எட்டுப் பேர் கையெழுத்து, மூன்று பேர் கைநாட்டு. கைநாட்டு வைத்தவர்களுக்கு விரலில் மை துடைக்க நானே என் முந்தானையைக் கொடுத்தேன். லாவண்யா என் பேப்பரையும் சேர்த்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருப்பதி ஆபீஸுக்கு அனுப்பிவைத்தாள். கெட்டிக்காரப் பெண். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் நான் சொன்னேன்: "ஒரு வேல முடிஞ்சிது."

கேட்டுக்குத் திரும்பினோம்

"ரிசைன்னா சைன் போடறது இல்லம்மா" என்றார் வாட்ச்மேன். "வேல வேணாம்னு எழுதிக் குடுக்கறது. ரிசைன் சேஸ்தே, உத்யோகம் போயிந்தி."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. உடம்பில் வேறெதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. காது மட்டும்தான்.

அப்புறம் மங்கா ஆரம்பித்தாள்.

"ரீசார்ஜு மாதிரின்னாளே! கேட்டீங்களாடி? ரீசார்ஜு மாதிரி! யம்மா தாயே, நல்லா போட்டியே எங்களுக்கு ரீசார்ஜு! நான் பாட்டுக்கு மாங்கா பொறுக்கிக்கினு இருந்தேன். கைய கழுவிக்கினு போயி, வேலைக்குத் தல முழுவிட்டு வந்திருக்கேன்!"

ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சீசன் என்பது எங்களுக்கு வருஷத்தில் சில வாரம்தான். அது போனால் அடுத்த ஆடிக்குப் பார்க்கவேண்டும். பதினோரு வீடு. என் வாயால் போயிற்று. என் வேலை போனதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு வார்த்தையைத் தெரிந்த மாதிரி சொன்னேனே, அதுதான் உறைத்தது. தெரியாது என்று சொல்ல என் நாக்குக்கு எப்போதுமே கொஞ்சம் கஷ்டம்.

டிராக்டர்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். டோக்கன் வாங்கி இரண்டு நாளாய் வெயிலில் நிற்கிறவர்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார், "லேடீஸ் எல்லாம் ஸ்ட்ரைக்காம்ப்பா!"

அந்த வார்த்தை வரிசையோடு ஓடிற்று. கடைசி டிராக்டரைச் சேரும்போது, நாங்கள் ஒரு மாதமாய்த் திட்டம் போட்டு, கொடி பிடித்து, ஒரே நாளில் ராஜினாமா வீசியெறிந்தவர்களாக ஆகிவிட்டோம். ஒரு பெரியவர் வந்து என்னைக் கும்பிட்டு, "அம்மா, உங்க கோபம் நியாயமாத்தான் இருக்கும். எங்க காய் இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வது? "யோசிக்கிறோம்" என்றேன்.

எந்த வித்ட்ரா?

தினேஷ் சார் திருப்பதியிலிருந்து கார் பிடித்து வந்து இறங்கினார். சட்டை ஒரு பக்கம் பேண்ட்டுக்கு வெளியே இருந்தது. லாவண்யா அழுது முடித்த முகத்தோடு லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"அம்மா, என்னம்மா இது! எல்லாரும் எதுக்கு ரிசைன் பண்ணீங்க? முதலாளி போன் மேல போன் போடறார். தயவுசெஞ்சு வித்ட்ரா பண்ணிடுங்க!"

வித்ட்ரா என்றதும் நான் உஷாராகிவிட்டேன். அந்த வார்த்தை எனக்கு இரண்டு வகையில் தெரியும்.

பேங்கில் வித்ட்ரா ஃபாரம் எழுதிக் கொடுத்தால் நம்முடையது நம் கைக்கு வரும். அதை நம்பித்தான் ஒருமுறை ஏமாந்தேன். எங்கள் ஊரில் வார்டு மெம்பர் தேர்தலுக்கு நானும் என் நாத்தனாரும் பேர் கொடுத்திருந்தோம். பெரியவர்கள் கூடிப் பேசி, "நீ வித்ட்ரா பண்ணிடும்மா" என்றார்கள். சரி, ஏதோ கைக்கு வரும்போல என்று கையெழுத்துப் போட்டேன். வந்தது ஒன்றுமில்லை. என் நாத்தனார் அஞ்சு வருஷம் கொடியேற்றத்துக்கு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று மிட்டாய் வாங்கினேன்.

அதனால் நேராகக் கேட்டேன். "எந்த வித்ட்ரா சார்? பேங்கு வித்ட்ராவா, எலெக்சன் வித்ட்ராவா?"

அவர் விழித்தார். லாவண்யாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "பேங்க் வித்ட்ரா, பெத்தம்மா. மீதி மீக்கே ஒஸ்துந்தி." உங்களுடையது உங்களுக்கே வரும் என்கிறாள்.

"அப்ப சரி. பேனா குடுங்க."

தினேஷ் சார் மறுபடி தரையைப் பார்த்தார். "அம்மா… அவங்க பதினோரு பேரும் வித்ட்ரா பண்ணணும். உங்களது… உங்களது அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"அது… உங்க ரிசிக்னேஷன் ப்ராப்பரா…"

"சார்" என்றேன். "இந்த இங்கிலீசாலதான் காலையிலேர்ந்து நாங்க வெயில்ல நிக்கறோம். எதா இருந்தாலும் தமிழ்ல சொல்லுங்க. தரைய பாக்காத சொல்லுங்க."

அந்தப் பிள்ளை நிமிர்ந்தார். இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினார். மூன்றாம் தடவைதான் வந்தது.

"உங்களுக்கு வயசாயிடுச்சும்மா. அறுபது தாண்டினவங்களை நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து சொல்லிட்டாங்க. வேலையை விட்டு நின்னுக்கோங்கன்னுதான் நேத்து சொன்னேன்."

தமிழில் கேட்டபோது வலித்தது. பொய் சொல்லமாட்டேன். அவருக்கும் வலித்தது, முகத்தில் தெரிந்தது. அதற்காகத்தான் நேற்று அந்த ரிசைனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறார். நானும் என் பங்குக்கு அதைப் பிடித்துக்கொண்டு ஊரையே இழுத்துவிட்டேன்.

நான் டிராக்டர் வரிசையைப் பார்த்தேன். தார்ப்பாயைத் தாண்டிப் பழுத்த வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் நின்றால் மூன்றாவது கூடைதான். என் மூக்குக்குத் தெரியாதா?

"சரி சார். இவங்கள உள்ள வுடுங்க. நான் ஊட்டுக்குப் போறேன்" என்று டிபன் டப்பாவை எடுத்தேன்.

"போவியா நீ?" மங்கா என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினாள். தினேஷ் சாரிடம் திரும்பினாள். "யோவ் சார், இவ வாயாலதான் எங்க வேல போச்சு. தெனம் எட்டு மணி நேரம் இவள திட்டணும்னு காலையிலயே முடிவு பண்ணிட்டேன். இவ ஊட்ல போயி குந்திக்கினா நான் யார திட்டறது? உன்னையா?"

"பன்னெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். ஒண்ணாத்தான் வருவோம்" என்றாள் செல்வி.

"கன்னியம்மாக்கா இல்லாத பெல்ட்டுல நான் நிக்கமாட்டேன்" என்று தரையில் உட்கார்ந்திருந்தவளும் எழுந்துவிட்டாள். காலையிலிருந்து என்னைச் சபித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

தினேஷ் சார் லாவண்யாவைப் பார்த்தார். "இந்த ஒரு பேரை மட்டும் தனியா வச்சுட்டு மத்ததைத் திருப்பி எடும்மா."

"காது சார்." முடியாது என்று தலையாட்டினாள். "நேத்து பன்னெண்டும் ஒரே பேட்ச்சா போட்டுட்டேன். உன்டே அன்னீ, போத்தே அன்னீ." இருந்தால் எல்லாம், போனால் எல்லாம்.

அந்தச் சமயத்தில் போன் அடித்தது. முதலாளி. ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது, அவ்வளவு சத்தம். காய் அழுகுகிறது, விவசாயிகள் ரோட்டில் உட்காரப்போகிறார்கள், பன்னிரண்டு பேப்பரையும் இப்போதே என்னமோ பண்ணு (அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை) என்று தெலுங்கில் கத்தினார். போனை வைத்த தினேஷ் சார் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"அம்மா! உங்க ரிசிக்னேஷனை ரிஜெக்ட் பண்ணிட்டாங்கம்மா!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"யார பாத்து ரிஜெக்ட்ன்ற? இத்தினி வருசமா இந்த ஃபேக்டரில ரிஜெக்ட் சொல்றவ நானு! என் கையெழுத்துல எங்க அழுவல் கீது, காட்டு! எங்க வண்டு தொளச்சிருக்குது? ரெண்டு புள்ளியும் வச்சேனேய்யா!"

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். லாவண்யா சிரித்த சிரிப்பில் லேப்டாப் கீழே விழப்பார்த்தது. செல்விதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"யக்கா, அழுவிப்போனது அந்தப் பேப்பரு. நீ இல்ல. உன் வேல உன்கிட்டதான் கீது."

எனக்கு அது இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு பொருளை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அது வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இரண்டு கசப்பு சேர்ந்து ஒரு இனிப்பு. இப்படி ஒரு பாஷை.

"இதை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு…" என்று தினேஷ் சார் ஒரு பேப்பரை நீட்டினார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு கையெழுத்து. உங்க கையெழுத்து. மறுபடியும் ஒரு தடவை" என்று தமிழிலேயே சொல்லி முடித்தார்.

மெஷினில் விரல் வைத்தேன். பச்சை. "தேங்க் யூ" என்றது.

"இருக்கட்டும்மா" என்றேன்.

கடைசியாக ஒரு ரிஜெக்ட்

அன்றைக்குச் சாயங்காலம் செல்வி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வார்த்தையையும் எனக்குத் தமிழில் எழுதிக் காட்டினாள். ரிசைன். ரீசைன். நான் ரொம்ப நேரம் பார்த்தேன். முதல் எழுத்துக்கு மேலே ஒரு கொக்கி. இரண்டாவதில் அந்தக் கொக்கி நுனியில் ஒரு சின்னச் சுழி. அந்தச் சுழி இருந்தால் நீங்கள் உள்ளே. இல்லையென்றால் வெளியே. கடுகு அளவுகூட இல்லை அது. பன்னிரண்டு பேர் அதில் தொங்கியிருக்கிறோம்.

மங்கா சொன்ன சொல் தவறவில்லை. சீசன் முடியும்வரை தினமும் திட்டினாள். இப்போதும் யாராவது மறுபடி டீ கேட்டால் "ரீ-டீ" என்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

அறுபது வயசு விதி இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று லாவண்யா சொல்கிறாள். யாரும் அதை எடுத்துவந்து என் முன்னால் படிக்கவில்லை. படித்தால் தமிழில் படிக்கவேண்டும், முகத்தைப் பார்த்துப் படிக்கவேண்டும் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் நானே நிற்பேன். என் மூக்கு சொல்லும்போது. அன்றைக்குச் சுழி போடாத ரி-யை நானே எழுதிக் கொடுப்பேன். இப்போது என் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த சீசன் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. தினேஷ் சார் பெல்ட்டுக்கே வந்தார். தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, பிசுபிசுவென்ற தரையில் வழுக்காமல் காலை ஊன்றி ஊன்றி வந்து, என் எதிரில் நின்றார். சுற்றிவளைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அம்மா, நான் இந்த வேலையை விட்டுட்டுப் போறேன். ஸ்ரீசிட்டில வேற வேலை கிடைச்சிருக்கு. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். காம்புப் பக்கம் பார்த்தேன், அடிப்பக்கம் பார்த்தேன்.

"ரிஜெக்ட்" என்றேன்.

டேபிள் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனாலும் போகத்தான் போகிறார், தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு, நான்கு பழம் பொறுக்கி அவர் பையில் போட்டேன். முதல் கூடையிலிருந்து.